படகுக்காரர் ‘வேண்டாம்’ என்றால் அதற்கும் கூலி கொடுங்கள்

பழவேற்காடு ஏரியின் தீவுகளுக்கும் மணல்திட்டுகளுக்கும் வார இறுதி முகாம் என்று ஆட்களை அழைத்துவரும் சென்னைக் குழுக்களின் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

சனிக்கிழமை காலை சூலூர்பேட்டை லோக்கல் ஆந்திர எல்லையில் எங்கள் தடாவில் வந்து நிற்கும்போது, முதுகில் கூடாரப் பையும் கையில் தண்ணீர் கேனுமாக இறங்குகிறவர்களைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். பாதிப்பேர் மேற்கே திரும்பி அருவிக்குப் போவார்கள். அவர்கள் பாடு மலையோடு. கிழக்கே ஏரிக்கு வருகிறவர்களைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் ஒரு படகுக்காரரின் மகன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் படகில் தண்ணீர் இறைப்பது என் வேலை. இப்போது ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கிறேன். எங்கள் வீட்டில் பேசுவது தமிழ், ரேஷன் அட்டையில் இருப்பது தெலுங்கு. அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம். எல்லைப்புறத்துத் தமிழ் அப்படித்தான்.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. படகுக்காரர் துறையில் நின்று வானத்தையும் தண்ணீரையும் பார்த்துவிட்டு ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொன்னால், அந்தச் சொல்லுக்குக் கூலி கொடுங்கள். முழுக்கூலி வேண்டாம், பாதி போதும். ஏன் கேட்கிறேன் என்பதற்கு ஒரு சனிக்கிழமையைச் சொல்ல வேண்டும்.

காணும் பொங்கல் முடிந்து வந்த முதல் சனிக்கிழமை அது. இரண்டு நாளாக வாடை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பழவேற்காடு ஏரி வரைபடத்தில் கடல்போல் விரிந்து தெரியும். ஆழம் என்று பார்த்தால் பல இடங்களில் இடுப்பளவுகூடக் கிடையாது. அவ்வளவு அகலமான, அவ்வளவு ஆழமில்லாத தண்ணீரைக் காற்று ஒரு தட்டில் ஊற்றிய ரசத்தைப்போலச் சாய்க்கும். வடக்கிலிருந்து இரண்டு நாள் அடித்தால் தண்ணீர் தெற்கே ஒதுங்கிக்கொள்ளும். காலையில் படகு ஓடிய வழி மாலையில் சேறாகக் கிடக்கும். இது எந்தக் கைப்பேசிச் செயலியிலும் வராது. அதில் ‘மழை இல்லை, வெயில் 29 டிகிரி’ என்று இருக்கும், அதுவும் உண்மைதான்.

அன்று வந்தவர்கள் பதினொரு பேர். வடக்குப் பக்கம் ஒரு திட்டில் இரவு தங்க வேண்டும் என்றார்கள். நைனா காற்றைப் பார்த்தார், துறைக்கழியில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்தார். பிறகு, “போய்விடலாம் தம்பி, வரத்தான் முடியாது” என்றார்.

அவர்கள் சிரித்துவிட்டார்கள். கூலியை ஏற்றிக் கேட்கத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். 3,000 ரூபாயை 4,000 ஆக்கினார்கள். நைனா தலையை ஆட்டிவிட்டுக் கரையில் உட்கார்ந்து வலையைப் பிரிக்கத் தொடங்கினார். பக்கத்தில் புதிதாகப் படகு வாங்கியிருந்த ஒரு பையன் அந்த 4,000 ரூபாய்க்கு அவர்களை ஏற்றிக்கொண்டு போனான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். படகுக்கு வாங்கிய கடன் வட்டியோடு நின்றது.

போன இடத்தில் அவர்களுக்கே பயம் வந்து, அந்தி சாயும் முன் திரும்பக் கிளம்பியிருக்கிறார்கள். அரை கிலோமீட்டர் வந்ததும் படகு தரை தட்டிவிட்டது. எஞ்சினைத் தூக்கிவிட்டுத் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். நாலு பேர் நடந்தே கரைக்கு வந்துவிடலாம் என்று இறங்கியிருக்கிறார்கள். ஏரிச் சேற்றில் நடப்பது என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. முதல் பத்து அடி முழங்கால் வரை, அடுத்த பத்து அடி தொடை வரை. அடியில் சிப்பி ஓடு கத்திபோல நிற்கும். ஒரு பெண்ணுக்கு உள்ளங்கால் கிழிந்துவிட்டது. இருட்டில், தை மாதக் குளிரில், நனைந்த உடுப்போடு படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

நைனாவும் நானும் தட்டையான மரத்தோணியைக் கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு போய், இரண்டு நடையாக அவர்களைக் கரை சேர்த்தபோது இரவு பதினொன்று. யாருக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு “ரொம்ப நன்றி அண்ணா” என்றார்கள், ஒருவர் அவர் தோளில் கைபோட்டுப் படமும் எடுத்துக்கொண்டார். நல்ல பிள்ளைகள்தான். அந்தப் பையனுக்குப் பேசிய 4,000 ரூபாயையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். நைனாவுக்கு ஒன்றும் கொடுக்கத் தோன்றவில்லை, அவர் கேட்கவும் இல்லை. ஆக, அன்று ஏரியைச் சரியாகப் படித்தவருக்கு வருமானம் பூஜ்யம், தப்பாகப் படித்தவனுக்கு 4,000.

இதுவரை கதை. நான் மடல் எழுத உட்கார்ந்த காரணம் அடுத்த வாரம் நடந்தது. அதே வாடை. வேறொரு குழு, ஒன்பது பேர். நைனா காற்றைப் பார்த்தார், கழியில் ஈரத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. படகை அவிழ்த்தார்.

அன்று திரும்பி வந்துவிட்டார்கள். முப்பது வருடப் பழக்கம் காப்பாற்றியது என்று சொல்லலாம், அதிர்ஷ்டம் என்றும் சொல்லலாம். வீட்டில் யாரும் அவரிடம் ஏன் போனாய் என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

2011 டிசம்பர் 25 அன்று இதே ஏரியின் தென்முனையில், பழவேற்காட்டில், சென்னையிலிருந்து கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த உறவுக் கூட்டம் ஒன்று மீன்பிடிப் படகில் போனது. படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் அங்கே படகுச் சவாரிக்குத் தடை வந்தது. தடை வந்த பிறகும் ஆட்கள் வருவது நிற்கவில்லை. முன்பு நேராகப் போனவர்கள் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கினார்கள், அவ்வளவுதான்.

முகத்துவாரத்தைப் பற்றித் தெரியாமலே அதைக் கடக்க ஆசைப்படுகிறவர்கள் நிறைய. வற்றத்தின்போது, அதாவது கடல் உள்வாங்கும் நேரத்தில், ஏரி முழுவதும் அந்தக் குறுகிய வாய் வழியாகக் கடலுக்குப் பாயும். எதிரே கடலலை உள்ளே வரப்பார்க்கும். இரண்டும் முட்டுகிற இடத்தில் அலை சரிந்து வராது, நெட்டுக்குத்தாக எழும். கரையிலிருந்து பார்த்தால் வெறும் நுரைக்கோடு. படகில் அந்தக் கோட்டுக்குள் நுழைந்தவருக்குத்தான் அது சுவர் என்று தெரியும். போதாக்குறைக்கு மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். போன மாதம் வழி இருந்த இடத்தில் இந்த மாதம் திட்டு இருக்கும், கோடையில் வாயே அடைத்துக்கொள்வதும் உண்டு. இதை நேற்றுப் பார்த்தவர்தான் இன்று சொல்ல முடியும். அந்த நேற்றைய பார்வைக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள், எஞ்சினுக்கும் பெட்ரோலுக்கும் மட்டும் அல்ல.

மற்ற இடங்களைப் பாருங்கள். 2009 செப்டம்பர் 30, தேக்கடி: 45 பேர். இறந்தவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகக் கூடியதால் படகு சாய்ந்தது என்றார்கள். 2023 மே 7, மலப்புறத்தில் தானூர்: 22 பேர். பொழுது சாய்ந்த பிறகு, அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிக்கொண்டு போன படகு. இரண்டு இடத்திலும் புயல் இல்லை. போகலாமா, எத்தனை பேர், எப்போது என்ற கேள்விகள் படகு கிளம்பும் முன்பே கரையில் வைத்துத் தப்பாகத் தீர்க்கப்பட்டுவிட்டன. ஆளுக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், ஓர் ஆளை இறக்கிவிடச் சொல்ல எந்தப் படகுக்காரருக்கு மனம் வரும்?

லைஃப் ஜாக்கெட்டை எல்லோரும் கேட்கிறீர்கள், சந்தோஷம். படகில் ஏறியதும் அதை மடித்து உட்காரும் பலகையில் போட்டு மெத்தையாக்கிக்கொள்கிறீர்கள். புகைப்படத்துக்கு அழகாக இல்லை என்று கழற்றுகிறவர்களும் உண்டு. இதற்கு மேல் இதைப்பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

உங்கள் விளம்பரங்களில் வரும் ‘ஆளில்லாத தீவு’ என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். இந்த ஏரியில் ஆளில்லாத இடம் என்று ஒன்று கிடையாது. முகத்துவாரம் பக்கத்து ஊர்களில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில் எந்தத் துறையில் யார் சுத்துவலை கட்டுவது என்று ஊர் முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும். நீங்கள் நங்கூரம் போடுகிற தண்ணீர் அன்று யாரோ ஒருவருடைய முறையாக இருக்கும். இரவில் வலைக்கழிகளின்மேல் படகை ஏற்றினால் அறுபடுவது நூல் மட்டும் அல்ல. அவருக்கு அடுத்த முறை வர நாளாகும்.

இருக்கம் தீவையும் நினைத்துப் பாருங்கள். அங்கே கோயில் இருக்கிறது, பள்ளி இருக்கிறது, மின்கம்பம் இருக்கிறது. பிரசவ வலி எடுத்த பெண்ணைப் படகில் ஏற்றித்தான் இக்கரைக்குக் கொண்டுவர வேண்டும். அந்த மக்களுக்கு ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்கிற வசதி கிடையாது. உங்களுக்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள் என்றுதான் கெஞ்சுகிறேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் மறைத்தேன் என்று வேண்டாம். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. ஆந்திரப் பகுதி 1976-லும் தமிழ்நாட்டுப் பகுதி 1980-லும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் போய்த் தங்குவதும் தீ மூட்டுவதும் குற்றம். எங்கள் பக்கத்து அறிவிப்புப் பலகைகள் தெலுங்கில் இருக்கும். படிக்கத் தெரியவில்லை என்று ஒரு குழுத்தலைவர் என்னிடம் ஒருமுறை சொன்னார். கூடாரத்தையும் தீயையும் கோடு போட்டு அடித்த படத்துக்கு எந்த மொழி வேண்டும் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அனுமதி வாங்கக்கூடிய இடத்துக்கு வாங்கிக்கொண்டு வாருங்கள். வாங்க முடியாத இடத்துக்கு நைனாவையும் சேர்த்து மாட்டிவிடாதீர்கள். பிடிபட்டால் உங்களுக்கு அபராதம், அவருக்குப் படகு போகும்.

ஸ்ரீஹரிகோட்டாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராக்கெட் ஏவும் நாளில் திட்டில் கூடாரம் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். அன்று மீனவர்களே தொழிலுக்குப் போகக்கூடாது என்று கட்டுப்பாடு போடுவார்கள். பொதுமக்கள் பார்ப்பதற்கென்று 2019 முதல் அங்கேயே பார்வைமாடம் இருக்கிறது, பெயர் பதிவுசெய்துகொண்டு போகலாம். இல்லை, எங்கள் ஊர் மொட்டைமாடிக்கு வாருங்கள். முதலில் வெளிச்சம் எழும். ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்து, பேச்சை மறந்து எல்லோரும் அண்ணாந்திருக்கும்போது, ஓசை வந்து ஜன்னலை உலுக்கும். அம்மா அப்போதெல்லாம் அலமாரிப் பாத்திரங்களைக் கையால் பிடித்துக்கொள்வார். அதற்குப் படகு தேவையில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, வெளியூர்க்காரர்கள் வருவதே எனக்குப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். திட்டில் படுத்து உறங்குகிற சுகம் எனக்குத் தெரியும். சிறுவனாக இருந்தபோது இறால் பருவத்தில் நைனாவோடு பல இரவுகள் மணலில் கழிந்திருக்கின்றன. உமரிச்செடியைச் சுற்றி நண்டு வளை தோண்டும் சத்தம் காதருகே கேட்கும். மடவை மீன் துள்ளி விழுகிற ‘பளக்’ ஓசையை எண்ணிக்கொண்டே தூங்கிவிடுவேன். விடியலில் கண்ணைத் திறந்தால், தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிவது உப்பா பறவையா என்று முதலில் புரியாது. வெயில் ஏறும்போது அந்தக் கோடு இளஞ்சிவப்பாகும். பூநாரைகள் அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் தோய்த்து, சேற்றுத் தண்ணீரை அரித்துத் தின்றுகொண்டிருக்கும். அதைப் பார்க்க நீங்கள் ஆசைப்படுவதில் என்ன தப்பு? எஞ்சினை அணைத்துவிட்டுத் தூரத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். கூட்டமாக எழுந்து பறக்கிற படம் வேண்டும் என்று படகைக் கூட்டத்துக்குள் விடச் சொல்கிறீர்கள். அவை சும்மா நிற்பதாக நினைக்காதீர்கள். தின்றுகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு முறை விரட்டும்போதும் பாதிச் சாப்பாட்டில் எழுப்பி ஓடவிடுகிறீர்கள்.

கடற்கரைப் பக்கத்துத் திட்டுகளில் தை முதல் பங்குனி வரை ஆமைகள் முட்டையிட ஏறும். அதனால்தான் அதற்குப் பங்குனி ஆமை என்று பெயர். ஒரு குழியில் நூறுக்கு மேல் முட்டைகள் இருக்கும், பொரிய ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். குஞ்சுகள் இரவில் மணலைக் கிளறிக்கொண்டு வெளியே வந்ததும் வெளிச்சமான பக்கமாக ஓடும். பழைய காலத்தில் இரவுக் கரையில் வெளிச்சமான பக்கம் என்றால் கடல்தான். இப்போது உங்கள் நெருப்பும் விளக்குச் சரமும் இருக்கின்றன. குஞ்சுகள் கூடாரத்தை நோக்கி வருவதைப் பார்த்து ‘எவ்வளவு அழகு’ என்று படமெடுத்த ஒருவரை நைனா கண்டிருக்கிறார். அவை வழிதவறி வருகின்றன என்று சொன்னபோது அந்த மனிதர் உட்கார்ந்து அழுதுவிட்டாராம். நெருப்பை மண்போட்டு மூடி, ஒவ்வொன்றாகக் கடல் பக்கம் திருப்பிவிட்டாராம். நான் சொன்னேனே, நல்ல பிள்ளைகள்தான்.

இனி காசு விஷயம். ஆளிடம் முகாமுக்கு இவ்வளவு என்று வாங்கும்போதே, படகு போகாவிட்டால் பாதிக் கூலி படகுக்காரருக்கு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போகலாமா வேண்டாமா என்பதை அவர் ஒருவரே, காலையில் துறையில் நின்று சொல்லட்டும். அவர் வேண்டாம் என்ற பிறகு அடுத்த படகைத் தேடிப் போகாதீர்கள். அதுதான் முக்கியம். முதல் படகுக்காரரின் ‘வேண்டாம்’ இரண்டாவது படகுக்காரருக்கு வருமானம் ஆகிற வரைக்கும் எந்தத் துறையிலும் யாரும் உண்மை பேச மாட்டார்கள். கூலியைப் படகுக்கு என்று பேசுங்கள், ஆளுக்கு என்று பேசாதீர்கள். நடுவழியில் அவர் திரும்பலாம் என்றால் முழுக்கூலி கொடுங்கள், அங்கேதான் சொல்வதற்கு அதிகத் துணிச்சல் வேண்டும்.

இதை என் நண்பர் ஒருவரிடம் சொன்னேன், அவரும் மாதம் ஒருமுறை ஆட்களை அழைத்துவருகிறவர். “அப்படியென்றால் எல்லோரும் வீட்டில் படுத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்லிப் பாதிக்கூலி வாங்கிக்கொள்ள மாட்டார்களா?” என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். போனால் முழுக்கூலி, போகாவிட்டால் பாதி. நல்ல காற்றில் போனால் கையில் வரும் மீதிப் பாதியை, கடன் வாங்கியிருக்கிற எவன் விடுவான்? இரண்டு வாரம் பொய் சொன்னால் மூன்றாவது வாரம் நீங்களே அந்தத் துறைக்கு வரமாட்டீர்கள். தவிர, பக்கத்துப் படகு மீனுக்குப் போய்த் திரும்புவதை நீங்களே பார்ப்பீர்கள். ஏரி திறந்த வெளி, அங்கே பொய்யை ஒளித்து வைக்க மரம்கூட இல்லை. நண்பர் சிரித்தார், ஆனால் ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. அடுத்த மாதம் அவர் வரும்போது பார்க்க வேண்டும்.

வீணாகிற நாளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியின் நடுவே போகிறது. பருவம் சரியாக இருந்தால் சாலையில் நின்றே பூநாரைகளைப் பார்க்கலாம். நேலப்பட்டுக்குப் போனால் கூழைக்கடாக்கள் கடம்ப மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு வளர்ப்பதைப் பார்க்கலாம். எங்கள் தெருவில் வந்து உட்கார்ந்தால் அம்மா நண்டு ரசம் வைப்பார். அதற்குத் தனியாகக் காசு வாங்குவார், அவரிடம் பேரம் பேச முடியாது.

நைனா இன்னும் துறையில்தான் இருக்கிறார். சனிக்கிழமைகளில் ஆறு மணிக்கே வந்துவிடுவார். வேண்டாம் என்று அவர் சொல்லி, நீங்கள் பாதிக்கூலியை நீட்டினால் வாங்க மாட்டார். ஓடாத படகுக்கு ஏது கூலி என்பார். வற்புறுத்த வேண்டாம். துறைக்கு எதிரே டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போங்கள். அங்கே அவர் கணக்கு பொங்கலிலிருந்து நிற்கிறது, கடைக்காரர் கழித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
படகுக்காரரின் மகன் ஒருவன்
தடா மண்டலம், திருப்பதி மாவட்டம்